கூடைப்பிடி வாள்களின் கைவேலைப் பிரதிகளைச் சேகரிப்பது எப்படி?

வாளின் கைப்பிடியைச் சுற்றி இரும்புக் கம்பிகளும் தகடுகளும் கூடை போலக் கவிந்து, பிடித்திருக்கும் கையை முழுவதுமாகக் காக்கும்படி அமைந்த வாள்களைக் கூடைப்பிடி வாள்கள் என்கிறோம். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை இவை பல வடிவங்களில் புழங்கின. நல்ல நிலையிலுள்ள அசல் வாள்கள் அரிதாகவே விற்பனைக்கு வருகின்றன. வந்தாலும் எளிதில் வாங்கக்கூடிய விலையில் வருவதில்லை. ஆகவே அசலை அளந்து, அதைப் பார்த்துக் கையால் செய்யப்படும் பிரதிகளைச் சேர்ப்பதே நம்மில் பெரும்பாலோருக்கு இயலும் வழி. இதை நான் இரண்டாந்தர வழியாகக் கருதவில்லை. நல்ல பிரதியைக் கையில் எடுத்து வீசிப் பார்க்கலாம், கூடையின் உட்பக்கம் தோலாலும் துணியாலும் அமைந்த உள்ளுறையைக் கழற்றிப் பார்க்கலாம், ஒரு கம்பி ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்பதை விரல்களாலேயே தெரிந்துகொள்ளலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அசல் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

நான் வாங்கிய முதல் வாளை அதன் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தே வாங்கினேன். தகடுகளில் இதய வடிவத் துளைகள் இருந்தன, உள்ளே சிவப்புக் கம்பளித் துணி இருந்தது, கைப்பிடியின் முனையில் உள்ள குமிழின் அடியில் குஞ்சம் தொங்கியது. கையில் எடுத்தபோது நுனி தரையை நோக்கி இழுத்தது. எடை போட்டபோது 1.9 கிலோ இருந்தது. ஓராண்டு கழித்து உள்ளுறையைக் கழற்றியபோது, கம்பிகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் வெல்டிங் உருண்டைகள் அரத்தால் தேய்க்கப்படாமல் அப்படியே புடைத்து நின்றன. அவற்றின் இடுக்குகளில் துரு படர்ந்திருந்தது. வெளியே தெரியும் பக்கம் மட்டும் மெருகேற்றப்பட்டிருந்தது. அன்று முதல் எந்தக் கூடைப்பிடி வாளைப் பார்த்தாலும் அதன் உட்புறத்தையே முதலில் பார்க்கிறேன். கீழே எழுதியிருப்பவை பெரும்பாலும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை.

ஒரு மரபைத் தேர்ந்தெடுத்தல்

கூடைப்பிடி என்பது ஒரே வடிவம் அன்று. பல மரபுகளுக்கான பொதுப்பெயர். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்க வேண்டும் என்ற ஆசை தொடக்கத்தில் எழுவது இயல்புதான். ஆனாலும் முதல் இரண்டு மூன்று வாள்களை ஒரே மரபிலிருந்து வாங்குவது நல்லது. ஒரே வகையில் மூன்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் எது கைவினைஞரின் தேர்ச்சி, எது குறை, எது அந்த மரபுக்கே உரிய இயல்பு என்று பிரித்தறிய முடிகிறது.

மிகுதியாகப் பிரதி எடுக்கப்படுவது ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தாரின் அகலவாள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இதன் கூடை முழு வடிவம் பெற்றது. கிளாஸ்கோ, ஸ்டர்லிங் என்ற இரு நகரங்களின் கொல்லர்கள் இதில் தலைசிறந்தவர்கள். கிளாஸ்கோவின் சிம்ப்சன் குடும்பத்தாரும், ஸ்டர்லிங்கின் வால்டர் ஆலனும் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையும் நகரத்தின் முதலெழுத்தையும் கைப்பிடியில் பொறித்தார்கள்; ஆகவே இன்றும் சில வாள்களை இன்னாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. கிளாஸ்கோ பாணியில் தகடுகள் சதுரமாக, ஒழுங்காக, இதயமும் வட்டமும் துளைத்து அமைந்திருக்கும். ஸ்டர்லிங் பாணியில், குறிப்பாக ஆலனின் கைவேலையில், வழக்கமான தகடுகளை விட்டு விலகி, வளைந்து நெளியும் கம்பிகளும் பித்தளைப் பதிவுகளும் கொண்ட கூடைகளைக் காணலாம். பிரதி செய்பவருக்கு ஆலனின் பாணி கடுமையான சோதனை. அதை முதல் வாளாகக் கேட்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கூடை ஸ்காட்லாந்துடையது என்றாலும், அலகு, அதாவது வாளின் வெட்டும் பகுதி, பெரும்பாலும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வந்தது. பல அலகுகளில் ஆந்திரேயா ஃபெராரா என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அவர் 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லூனோவில் வாழ்ந்த வாள்கொல்லர். அவர் காலத்துக்குப் பின்னும் நெடுங்காலம், சோலிங்கன் பட்டறைகள் தரத்தின் அடையாளமாக அந்தப் பெயரைப் பலவித எழுத்துக்கூட்டலில் பொறித்து அனுப்பிக்கொண்டே இருந்தன. எனவே உங்கள் பிரதியில் அந்தப் பெயர் சற்றே பிழையாக எழுதப்பட்டிருந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அசல்களிலும் அப்படித்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் கூடைப்பிடிகள் இவற்றுக்கு முந்தியவை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலின் சிதைவில் கூடைப்பிடி வாள் ஒன்று கிடைத்திருப்பதால், 16ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே இவ்வடிவம் புழக்கத்தில் இருந்தது உறுதி. அடுத்த நூற்றாண்டில், 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், கிண்ணம் போன்ற காப்பும் அதில் செதுக்கிய முகங்களும் கொண்ட வாள்கள் புழங்கின. அந்த முகங்கள் 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸ் மன்னனின் நினைவாகச் செதுக்கப்பட்டவை என்று பிற்காலச் சேகரிப்பாளர்கள் நம்பியதால், இவற்றுக்கு இறப்பைக் குறிக்கும் மார்ச்சுவரி வாள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இவ்வகை வாள்கள் பல அந்த மரணத்துக்கு முன்பே செய்யப்பட்டவை. ஒரு விற்பனையாளர் இந்தக் கதையை வரலாறாகவே சொன்னால், மற்றச் செய்திகளிலும் அவரைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

வெனிஸ் குடியரசுக்காகப் பணியாற்றிய டால்மேஷிய வீரர்களின் வாள் ஸ்கியவோனா. பூனையின் தலையை ஒத்த தட்டையான குமிழும், சாய்வாக ஓடிப் பின்னும் கம்பிகளும் இதன் அடையாளம். நான் இவ்வகையில் அதிகம் சேர்த்ததில்லை. இந்தியாவிலும் ஐரோப்பிய அலகை வரவழைத்து நம் கூடைப்பிடியில் பொருத்திய ஃபிரங்கி என்ற வாள் உண்டு. மற்றொரு கையாலும் பற்றுவதற்காகக் குமிழிலிருந்து நீளும் முள் அதை ஐரோப்பிய வகைகளிலிருந்து தனித்துக் காட்டுகிறது. கூடையின் கட்டுமானமே வேறு என்பதால் அது தனியாகக் கற்க வேண்டிய மரபு.

அசலைப் பார்த்துப் பழகுதல்

பிரதியை மதிப்பிட அசலைத் தெரிந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகம், எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம், லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ், லண்டனின் வாலஸ் சேகரம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆகியவை இவ்வகை வாள்களைப் பார்த்துப் பழகுவதற்கு ஏற்ற இடங்கள். நேரில் போக முடியாதவர்களும் இத்தகைய நிறுவனங்களின் இணையப் பட்டியல்களில் படங்களையும், பல வாள்களுக்கு நீளம், எடை ஆகிய அளவுகளையும் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்களுக்குப் பிடித்த மரபைச் சேர்ந்த பத்து வாள்களின் மொத்த நீளம், அலகின் நீளம், அகலம், எடை ஆகியவற்றை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும்போது அந்த மரபின் இயல்பான அளவு எதுவென்று உங்களுக்கே விளங்கிவிடும். பிறகு விளம்பரத்தில் வரும் எண்கள் உங்களை எளிதில் மயக்கிவிட முடியாது.

படங்களில் முன்பக்கத் தோற்றத்தைக் காட்டிலும் மேலிருந்தும் உள்ளிருந்தும் எடுத்தவை பயனுள்ளவை. கூடையின் அகலம், முன்புறம் அது எவ்வளவு துருத்துகிறது, மணிக்கட்டின் பக்கம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. பிரதி செய்பவர்கள் பலர் ஒரே பக்கவாட்டுப் படத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வதால்தான், பக்கத்திலிருந்து பார்த்தால் அழகாகவும் மேலிருந்து பார்த்தால் நசுங்கிய பானை போலவும் இருக்கும் கூடைகள் கிடைக்கின்றன.

அலகை மதிப்பிடுதல்

ஸ்காட்லாந்து அகலவாள்களில் பெரும்பாலானவற்றின் அலகு 80 முதல் 90 செ.மீ. நீளமும், முழு வாளின் எடை 1.1 முதல் 1.5 கிலோவும் இருக்கும். கூடையின் இரும்பு முழுவதும் கையைச் சுற்றியே இருப்பதால் எடையின் மையம் கைப்பக்கம் நகர்கிறது. அலகும் கைப்பிடியும் சேரும் இடத்திலுள்ள காப்பிலிருந்து சுமார் 8 முதல் 12 செ.மீ. தொலைவில் வாளை ஒரு விரலில் நிறுத்த முடிய வேண்டும். மையம் 16 செ.மீ. தாண்டினால், அலகு தேவைக்கு மேல் தடித்திருக்கிறது என்று பொருள்.

எடையைக் காட்டிலும் முக்கியமானது, அலகின் தடிமன் அடியிலிருந்து நுனி நோக்கிப் படிப்படியாகக் குறைவது. காப்பின் அருகே 5 மி.மீ. அல்லது சற்று அதிகமாக இருக்கும் அலகு, நுனியை நெருங்கும்போது 2 மி.மீ. அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். மலிவான பிரதிகளில் அலகை ஒரே தடிமனுள்ள தகட்டிலிருந்து வெட்டி, ஓரங்களை மட்டும் தேய்த்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வாள் நடுவில் கடப்பாரை போல இருக்கும். விற்பனையாளரிடம் அடி, நடு, நுனி என மூன்று இடங்களில் தடிமனை அளந்து சொல்லும்படி கேளுங்கள். நல்ல கைவினைஞருக்கு இந்தக் கேள்வி மகிழ்ச்சி தரும். பெரும்பாலும் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லியிருப்பார்.

எஃகைப் பொறுத்தவரை, 1075, 5160 போன்ற எண்களால் குறிக்கப்படும் கார்பன் எஃகோ வில்பட்டை எஃகோ நீண்ட வாளுக்கு ஏற்றது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பின்னர் மிதமான சூட்டில் பதப்படுத்தியபின் அதன் கடினம் ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 48 முதல் 54 வரை இருந்தால் போதும். இன்னும் கடினமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம்; இவ்வளவு நீண்ட அலகுக்கு வளைந்து மீளும் தன்மையே உயிர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த நீண்ட வாள்கள் சுவரில் மாட்டுவதற்கு மட்டுமே உரியவை. வீசினால் உடைந்து தெறிக்கும் ஆபத்து உண்டு. அலை அலையாக வரியோடிய அடுக்கு எஃகில் செய்த அலகுகளையும் இப்போது பலர் கூடைப்பிடியில் பொருத்தி விற்கிறார்கள். பார்க்க அழகாக இருந்தாலும், 18ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து வாளுக்கும் அந்த வேலைப்பாட்டுக்கும் தொடர்பில்லை.

கைப்பிடிக்குள் மறைந்து செல்லும் அலகின் வால்பகுதியே வாளின் உறுதியைத் தீர்மானிக்கிறது. அது அலகோடு ஒரே துண்டாக, தோள்பட்டையில் அகன்று, பின் மெல்லக் குறுகி, குமிழைத் துளைத்து வெளிவந்து, உச்சியில் சம்மட்டியால் அடித்துப் பரப்பப்பட்டிருக்க வேண்டும். சில பிரதிகளில் அலகின் முடிவில் மெல்லிய கம்பியொன்றை வெல்டிங் செய்து, அதன் முனையில் மரை போட்டு, நட்டால் இறுக்கியிருப்பார்கள். மரையாணி இருப்பதாலேயே வாள் மோசம் என்று சொல்ல மாட்டேன். கழற்றி மாட்ட வசதியாக வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஆனால் வெல்டிங் செய்த மெல்லிய கம்பியை ஒருபோதும் ஏற்கக் கூடாது. வாங்குமுன் வால்பகுதி தெரியும்படி, பொருத்துவதற்கு முன் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கூடையை உள்ளிருந்து படித்தல்

ஒரு கூடைப்பிடி வாளில் கைவினைஞரின் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்குவது கூடைதான். அலகைப் பல பட்டறைகள் நன்றாகச் செய்கின்றன. கூடையை நன்றாகச் செய்பவர்கள் மிகச் சிலர். இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து வளைத்து, தகடுகளை உளியால் வெட்டி அரத்தால் ராவி, எல்லாவற்றையும் ஒரு முப்பரிமாண வடிவமாகச் சேர்த்து, அதன் பிறகும் உள்ளே ஒரு மனிதக் கை தாராளமாகப் புழங்க இடம் விட வேண்டும். எனவே இந்தப் பகுதியில் அவசரப்படாமல் நேரம் செலவழியுங்கள்.

முதலில் உள்ளுறையைக் கழற்றச் சொல்லுங்கள், அல்லது அது இல்லாத நிலையில் எடுத்த படத்தைக் கேளுங்கள். சிறிய கைவிளக்கு ஒன்றைக் கூடைக்குள் சாய்வாகப் பிடித்தால் மூட்டுகள் நன்றாகத் தெரியும். கொல்லுலையில் அடித்து இணைத்த மூட்டில், ஒரு கம்பி மற்றொன்றில் கரைந்து மறைவது போலிருக்கும். பித்தளை உருக்கி ஒட்டிய மூட்டில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடும்; இது பழைய முறைகளுள் ஒன்று என்பதால் குறையன்று. இன்றைய மின்சார வெல்டிங் செய்து, பிறகு உள்ளும் புறமும் பொறுமையாக ராவி எடுத்த கூடைகளையும் நான் மதிக்கிறேன். செய்தவர் அதை மறைக்காமல் சொன்னால் போதும். வெல்டிங் உருண்டைகள் உள்ளே அப்படியே நின்றால் மட்டும் அந்த வாளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலையைப் பாதியில் விட்டவர், கைப்பிடி மரத்துக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியிலும் அப்படியே செய்திருக்கக் கூடும்.

அடுத்து துளைகளைப் பாருங்கள். என்னிடம் உள்ள கிளாஸ்கோ பாணி வாளொன்றில், முன்தகட்டின் இதயத்துளை வலப்பக்கம் ஒரு நூலளவு பெருத்திருக்கிறது. அதன் உள்விளிம்பில் விரலை வைத்தால் அரம் ஓடிய தடம் மெல்லிய படிகளாகத் தட்டுப்படும். வெளிவிளிம்பு மட்டும் வழவழப்பாக இழைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகட்டில் எந்த இரண்டு துளைகளும் ஒன்றுபோல இல்லை. அசல் வாள்களிலும் இதே சீரின்மையைக் காணலாம். லேசரால் வெட்டிய தகட்டில் எல்லா இதயங்களும் அச்சடித்தது போல ஒரே அளவில் இருக்கும், துளையின் சுவரில் செங்குத்தான நுண்கோடுகள் ஒரே இடைவெளியில் தெரியும். அச்சில் வார்த்த கூடையிலோ துளைகளின் ஓரம் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், எங்காவது அச்சு சேர்ந்த கோடும் தென்படும்.

கம்பிகளின் தடிமனையும் கவனியுங்கள். அசல்களில் கம்பிகள் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றன. தகட்டை நெருங்கும்போது அகன்று, வளைவில் குறுகி, நடுவில் சில வேளைகளில் மெல்லிய வரப்பு ஓடும். ஒரே அளவுள்ள கடைக்கம்பியை வளைத்துச் செய்த கூடை, சன்னல் கிராதி போல உயிரற்றுத் தெரிகிறது. எடை கூடுவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

ஸ்காட்லாந்துக் கூடையின் கரங்கள் மேலே சென்று குமிழின் கீழ்விளிம்பில் உள்ள பள்ளத்துக்குள் நுழைந்து அமரும். குமிழை அடித்து இறுக்கும்போது கூடை முழுவதும் அலகோடு இறுகி நிற்பது இந்தப் பள்ளத்தால்தான். சரியாகப் பொருந்தாத கரங்களை நெருக்கித் திணித்திருந்தால், சில மாதங்களில் கூடை ஆடத் தொடங்கும். வாளை நேராகப் பிடித்து, மறு கையின் முட்டியால் குமிழை மெல்லத் தட்டிப் பாருங்கள். மொத்த வாளும் ஒரே பொருளாக அதிர வேண்டும். கலகலவென்ற ஒலி வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை பணம் கொடுக்காதீர்கள். மார்ச்சுவரி வாள்களில் கரங்கள் திருகாணியால் குமிழில் பிணைக்கப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், அங்கே திருகாணியைக் கண்டு ஐயப்பட வேண்டாம்.

கைக்கேற்ற இடம்

கூடை ஒரு சட்டை போன்றது; அளவு பொருந்தாவிட்டால் வேலைப்பாடு எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. அசல் வாள்கள் பலவற்றின் கைப்பிடி இன்றைய பலரின் கைக்குச் சிறிதாகவே இருக்கும். அசலை மில்லிமீட்டர் மாறாமல் பின்பற்றிய பிரதியை வாங்கி, நான்கு விரல்களை அதில் நுழைக்க முடியாமல் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் உள்ளங்கையின் அகலத்தைச் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரல் பக்கம் வரை, விரல்களை மடக்கிய நிலையில் அளந்து, அதோடு ஓரிரு மி.மீ. சேர்த்துக் கைப்பிடியின் நீளமாகச் சொல்லுங்கள். விரல் முட்டிகளுக்கும் கூடையின் உட்சுவருக்கும் இடையே ஒரு விரல் பருமனுக்கு இடைவெளி இருக்க வேண்டும். உள்ளுறையின் மான்தோலும் கம்பளியும் அந்த இடைவெளியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை மறந்துவிடக் கூடாது. தடித்த கையுறை அணிந்து பயிற்சி செய்பவராக இருந்தால், அந்தக் கையுறையை அணிந்தே அளக்க வேண்டும். கூடை வலக்கைக்கும் இடக்கைக்கும் ஒன்றுபோல அமையாததால், இடக்கைப் பழக்கம் உடையவர்கள் அதை முதல் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும்.

கைப்பிடி மரம் சுருளாகச் சுற்றிவரும் பள்ளங்களாகக் குடையப்பட்டு, அதன்மேல் திருக்கை அல்லது சுறாத்தோல் ஒட்டப்பட்டு, பள்ளங்களில் முறுக்கிய பித்தளைக் கம்பியோ வெள்ளிக் கம்பியோ சுற்றப்பட்டிருக்கும். தோலின் சேர்க்கைக்கோடு உள்ளங்கைப் பக்கத்தில் நேராக ஓடுகிறதா, கம்பியின் முனைகள் இரண்டு ஓரத்திலும் வெளியே நீட்டாமல் உள்ளே செருகப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

சொல்லிச் செய்விப்பது

இரண்டொரு வாள்களை ஆயத்த நிலையில் வாங்கிப் பழகியபின், ஒரு கைவினைஞரிடம் சொல்லிச் செய்விக்கலாம். அவரிடம் போகும்போது "ஒரு நல்ல ஸ்காட்லாந்து வாள் வேண்டும்" என்று கேட்காதீர்கள். எந்த அருங்காட்சியகத்தில் உள்ள எந்த வாள், அதன் பட்டியல் எண் என்ன, அதிலிருந்து எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றக் கூடாது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நான் எழுதும் தாளில் எப்போதும் இவை இருக்கும்: மொத்த எடையின் மேல்வரம்பு, எடை மையத்தின் தொலைவு, அலகுக்கு ஒருபக்கக் கூரா இருபக்கக் கூரா, கூர் தீட்ட வேண்டுமா மழுங்கலாக விட வேண்டுமா, கைப்பிடியின் நீளம், கூடை எந்த முறையில் இணைக்கப்படும், மேற்பரப்பு பளபளப்பாகவா கருமை ஏற்றியா என்பது. எடைக்கு மேல்வரம்பு எழுதுவது எல்லாவற்றிலும் முக்கியம். அதை ஏற்றுக்கொண்ட கைவினைஞர் ஒவ்வொரு கம்பியையும் மெலிதாக ராவியே தீர வேண்டும்.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். தொடக்கத்தில் ஒரு பகுதி, கூடை முடிந்து உட்புறப் படம் வந்தபின் ஒரு பகுதி, அனுப்புமுன் மீதி என்று பிரித்துக்கொள்வது இருவருக்கும் நன்று. நடுக்கட்டத்தில் படம் கேட்பது சந்தேகப்படுவதாகாது. அலகைப் பொருத்துவதற்கு முன்புதான் கூடையைத் திருத்த முடியும். காலம் தாழ்வதற்கு மட்டும் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஆள் கையால் செய்யும் வேலை, சொன்ன மாதத்தில் முடிவது அரிது. காலத்தாழ்வைப் பொறுத்துக்கொள்ளலாம்; பதிலே வராத மௌனத்தைப் பொறுக்கத் தேவையில்லை.

வாளை ஏற்றுமதி, இறக்குமதி செய்வதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே உங்கள் நாட்டின் ஆயுதச் சட்டத்தையும் சுங்க விதிகளையும் விசாரித்துவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வளைந்த அலகுடைய வாள்களின் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் 2008இல் தடை வந்தது. மரபுமுறையில் கையால் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நேரான அலகுள்ள அகலவாள் அந்தத் தடைக்குள் வராது. கூடைப்பிடியில் வளைந்த அலகு பொருத்திய வகைகளும் இருப்பதால், செய்முறையைக் கைவினைஞரிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்திருப்பது பயன்படும். சுறா, திருக்கை இனங்களில் சில, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. கைப்பிடித் தோல் எந்த இனம் என்று கேட்டு, ஐயமிருந்தால் கன்றின் தோலை ஒட்டச் சொல்லிவிடுங்கள். அசல்களிலும் கைப்பிடித் தோலில் பல வகைகள் உண்டு.

துருவும் உள்ளுறையும்

கூடைப்பிடி வாளுக்கு மற்ற வாள்களுக்கு இல்லாத ஒரு நோய் உண்டு. கையின் வியர்வையைத் தோலும் கம்பளியும் உறிஞ்சி வைத்துக்கொள்ள, அவற்றின் மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். வெளியே எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்த வாளிலேயே இது நேரும். ஆகவே உள்ளுறையை ஒட்டாமல், நூலால் கட்டிக் கழற்றக்கூடியபடி அமைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை வீசிப் பயன்படுத்தியபின்னும் அதைக் கழற்றிக் காற்றாட வைத்து, கூடையின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

அலகுக்கு மெல்லிய கனிம எண்ணெய் போதும். கூடைக்கு எண்ணெயை விட மெழுகே ஏற்றது, ஏனெனில் எண்ணெய் வழிந்து தோலையும் துணியையும் கறைப்படுத்தும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவாக்கப்பட்ட ரினைசான்ஸ் மெழுகு பல சேகரிப்பாளர்களின் மேசையில் இருப்பது இதற்காகத்தான். அதை மிகச் சிறிதளவு எடுத்து, பழைய மென்தூரிகையால் கம்பிகளின் இடுக்குகளில் தேய்த்து, காய்ந்தபின் துணியால் மெருகேற்றினால் பல மாதங்கள் தாங்கும். தோலுறைக்குள் வாளை நெடுநாள் செருகி வைப்பது தவறு. பதப்படுத்திய தோலில் உள்ள அமிலமும் ஈரமும் அலகைத் தின்றுவிடும். காட்சிக்கு உறையைப் பக்கத்தில் வைத்து, வாளைத் தனியே கிடத்துங்கள். அலகில் விரல்ரேகை பட்டால் அன்றே துடைத்துவிட வேண்டும். அடுத்த வாரம் பார்த்தால் ரேகையின் வடிவிலேயே துரு படிந்திருக்கும்.

பதிவேடும் முத்திரையும்

ஒவ்வொரு வாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிச் செய்தவர், ஆண்டு, எந்த அசலைப் பின்பற்றியது, எஃகின் வகை, கூடை இணைக்கப்பட்ட முறை, வாங்கிய நாளில் நீங்களே அளந்த எடையும் அளவுகளும் ஆகியவற்றை எழுதி வையுங்கள். உள்ளுறை இல்லாத படமும், வால்பகுதியின் படமும் அந்தப் பக்கத்தோடு இருக்கட்டும்.

செயற்கையாகப் பழமை ஏற்றிய பிரதிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அமிலத்தால் அரித்து, கருமை ஏற்றி, கைப்பிடித் தோலைத் தேய்த்து, இருநூறு ஆண்டுப் பழைய வாள் போலவே செய்து தரும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் நேர்மையாகவே விற்கலாம். மூன்றாவது கைக்கு மாறும்போது அந்த வாள் அசல் என்ற பெயரில் ஏலத்துக்குப் போய்விடுகிறது. வாங்கியவர் ஏமாறுவதோடு, அதை அளந்து எழுதும் ஆய்வாளரின் குறிப்புகளும் பிழையாகின்றன. எனவே பழமை ஏற்றிய வாளை முத்திரை இல்லாமல் நான் வாங்குவதில்லை. செய்தவரின் குறியையும் ஆண்டையும் கூடையின் அடித்தகட்டில், உள்ளுறை மறைக்கும் இடத்தில், உளியால் ஆழமாக வெட்டச் சொல்வேன். வெளித்தோற்றம் கெடாது, அரத்தால் எளிதில் அழிக்கவும் முடியாது. எதிர்காலத்தில் இந்த வாளைக் கையில் எடுப்பவர் உள்ளுறையைக் கழற்றிப் பார்த்தால், அது யாருடைய வேலை, எந்த ஆண்டு செய்தது என்பது அங்கே எழுதியிருக்கும்.